முதலை இனம் மாறிய நாள்

அன்று கொன்றையூர்க் கொலுமண்டபத்தில் இருந்தவர்கள்: ராஜா, தளவாய் வீரபாகு, விகடர் ஆண்டியப்பர், ஓடக்காரி குப்பாச்சி, சாமரம் வீசும் பெண்கள் இருவர், வாசற்காவலன் ஒருவன். காவலன் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்து ஏழு பேர்.

கொன்றையூரில் அப்போது விலங்குச் சீட்டு இல்லாத வீடு இல்லை. ஒரு சீட்டுக்கு ஒரு படம். ஆசைப்பட்ட சீட்டுக்காக ஆட்டைக் கொடுத்தவர்கள் உண்டு. பால்மாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கியவர்களும் உண்டு. ஆட்டத்தில் மூன்று இனம். வேடர் இனம் தரை இனத்தை வெட்டும். தரை இனம் நீர் இனத்தை வெட்டும். வேடரும் நீர் இனமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தன் இனத்தை எதுவும் வெட்டக் கூடாது. இவ்வளவுதான்.

எந்தப் பிராணி எந்த இனம் என்பது சீட்டில் இராது. அதை ராஜாதான் சொல்ல வேண்டும். ராஜா தோற்ற மறுநாள் ஏதாவது ஒரு பிராணி இனம் மாறிவிடும். தவளை மட்டும் நாலு முறை மாறியிருக்கிறது. தவளைக்குத் தெரியாது.

ஆற்றுத்துறையில் ஓடம் விடும் உரிமையை ஆண்டுதோறும் ராஜா முன்னிலையில் சீட்டாடித் தீர்ப்பது அவ்வூர் வழக்கம். முதல் வெட்டு யாருடையதோ அவருக்கு உரிமை. வெட்டே விழாவிட்டால் பழையவருக்கே. குப்பாச்சி கையில் முதலை, ஆமை, நண்டு. மூன்றும் நீர் இனம். தளவாயோ துறையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தர ஆசைப்பட்டவர். ஊரிலிருந்த வேடன் சீட்டு ஏழையும் வாங்கிச் சேர்த்திருந்தார். நீர் இனத்தைத் தொட முடியாத வேடன் எதற்கு என்று ஊரில் சிரித்தார்கள். எதற்கு என்பது அன்றுதான் தெரிந்தது.

“மகாராஜா, ஒரு சந்தேகம்,” என்றார் தளவாய். “முதலைக்கு நாலு கால். ஆமைக்கு நாலு கால். நண்டுக்கு எண்ணி முடிக்கப் பொறுமை வேண்டும். நீந்துவதற்குக் கால் எதற்கு? மீனுக்கு இருக்கிறதா?”

ராஜா யோசித்தார். “இல்லை.”

“ஆகவே கால் உள்ளதெல்லாம் தரை இனம். இல்லாததெல்லாம் நீர் இனம்.”

“பாம்பு?”

“நீந்தட்டுமே, மகாராஜா. சட்டம் சுத்தமாக இருக்கும்.”

ராஜாவுக்குச் சுத்தமான சட்டம் என்றால் பிரியம். “நல்லது. இப்போதே அமல்.”

குப்பாச்சி விகடரைப் பார்த்தாள். “துறை போச்சுன்னா ஓடத்தை வெறகாத்தான் போடணும், சாமி,” என்றாள் மெதுவாக.

விகடர் எழுந்தார். “அருமையான சட்டம். ஆனால் தளவாயாரே, கொக்குக்கு இரண்டே கால். அதிலும் பாதி நேரம் ஒன்றைத்தான் ஊன்றுகிறது. அதுவும் தரை இனமா?”

“இரண்டோ எட்டோ, கால் என்றால் கால்தான்.”

“விலக்கு ஏதும் உண்டா?”

“கூடவே கூடாது. மகாராஜா வாயால் அதையும் சொல்லிவிட வேண்டும்.”

“விலக்கு இல்லை,” என்றார் ராஜா.

விகடர் உட்கார்ந்தார்.

“நீங்களும் அவுக பக்கமா, சாமி?” என்றாள் குப்பாச்சி.

“நீ ஆடு, தாயீ.”

அவள் முதலையை வைத்தாள். தளவாய் ஈட்டி பிடித்த வேடனை எதிரே வைத்தார். “வெட்டு,” என்றார்.

“செல்லாது,” என்றார் விகடர்.

“ஏன் செல்லாது?”

“படத்தில் வேடனுக்கு எத்தனை கால்?”

தளவாய் குனிந்து பார்த்தார். இரண்டு இருந்தன.

“தரை இனம் தரை இனத்தை வெட்டலாமா, மகாராஜா?”

“கூடாது.”

“வேடன் மனுஷன், ஐயா,” என்றார் தளவாய்.

“விலக்கு வேண்டாம் என்றது நீர்தானே.”

தளவாய் மற்ற ஆறு சீட்டுகளையும் விரித்து, ஒவ்வொரு வேடனையும் இடுப்புக்குக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஒருவன் புதருக்குப் பின்னால் நின்றான். மேற்பாதிதான் தெரிந்தது. தளவாய் முகம் தெளிந்தது. ஈட்டிக்காரனை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதர்க்காரனை வைத்தார்.

“இவனுக்குக் கால் இல்லை. இவன் தரை இனம் இல்லை.”

“ஒப்புக்கொண்டேன்,” என்றார் விகடர். “கால் இல்லாதது எந்த இனம், மகாராஜா?”

“நீர் இனம்,” என்றார் ராஜா.

குப்பாச்சி கொஞ்ச நேரம் அந்தப் புதரையே பார்த்தாள். “அப்போ தரையில இருக்கிற என் முதலை, தண்ணியில இருக்கிற வேடனை வெட்டி எடுத்துக்கலாம்ல, சாமி?”

“எடுத்துக்கொள்,” என்றார் ராஜா.

எடுத்துக்கொண்டாள். துறையும் அவளுக்கே ஆயிற்று.

“ஓய் விகடரே,” என்றார் ராஜா. “எனக்கும் இரண்டு கால். நான் என்ன இனம்?”

“எழுந்தால் பல்லக்கு, இறங்கினால் சிம்மாசனம். மகாராஜாவுக்குக் கால் இருப்பதற்கு இதுவரை சாட்சி இல்லை.”

சாமரம் நின்றது. ராஜா சிரித்த பிறகுதான் மறுபடி வீசிற்று. விகடருக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. ராஜா குப்பாச்சியிடம், “முதலையைப் பழையபடி நீர் இனத்திலேயே சேர்த்துவிடவா?” என்று கேட்டார்.

“எதுல வேணா வையுங்க, சாமி. ஆத்துல கெடக்கிற முதலைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

தளவாய் சீட்டுகளை அடுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனார். மிச்சம் ஆறு வேடர், பன்னிரண்டு கால்.