புல்லில் பட்ட முதல் கால்

பன்னிரண்டு நாள். அதற்குமேல் ஒரு நாழிகையும் கிடையாது என்று மன்னர் சொல்லிவிட்டார்.

இது எவ்வளவோ காலத்துக்கு முன்னால், பெயர்கூட மறந்துபோன ஒரு நாட்டில் நடந்தது. அந்த நாட்டை ஆண்டவர் விசயகேது மன்னர். நல்லவர்தான். ஆனால் எதையும் உப்பரிகையில் நின்று பார்த்தே பழகியவர். கெடு வாங்கிக்கொண்டவன் அவருடைய அவையின் விகடகவி நல்லாண்டி.

எல்லாம் ஒரு பூங்காவால் வந்தது. ஊருக்கும் அரண்மனைக்கும் நடுவே ஒரு பெரிய பொட்டல் கிடந்தது. அதன் ஒரு பக்கம் ஊர். எதிர்ப்பக்கம் அரண்மனையின் பக்கவாசலும், அதை ஒட்டி ஏரிப் படித்துறையும். அந்தப் பொட்டலைப் பூங்காவாக்க வேண்டும் என்று மன்னருக்கு ஆசை வந்தது. நந்தவன அதிகாரி அனந்தராயர் ஒரு பட்டுத் துணியில் மயில் வரைந்து கொண்டுவந்தார். மயிலின் கோடுகளில் செங்கல் பாவி நடைபாதை போட்டார். மற்ற இடமெல்லாம் அருகம்புல் நட்டார். உப்பரிகையிலிருந்து பார்த்தால் தோகை விரித்த மயில் அப்படியே தெரியும். மன்னர் மகிழ்ந்துபோய் ராயருக்கு முத்துமாலை போட்டார்.

மயிலின்மேல் நடந்தவர்களுக்கு மயில் தெரியவில்லை. ஏரிக்குத் தண்ணீருக்குப் போகிற பெண், தோகையின் ஏழு இறகுகளையும் சுற்றி, கழுத்து வழியாக ஏறி, அலகில் போய் இறங்க வேண்டும். நிறைகுடத்தோடு திரும்பும்போது மறுபடியும் ஏழு இறகு.

ஐப்பசி மழையில், புல் வேர் பிடிக்கும் முன்பே, யாரோ குறுக்கே ஓடிவிட்டார்கள். ஈரமண்ணில் அடிச்சுவடு ஆழமாகப் பதிந்தது. அதைப் பார்த்து அடுத்தவர் நடந்தார். பிறகு ஊரே நடந்தது. தை பிறந்தபோது மயிலின் வயிற்றில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

"மன்னா, கீறல் விழுந்தது புல்லின்மேல் அல்ல, தங்கள் ஆணையின்மேல்," என்றார் ராயர். "முதலில் கால் வைத்தவரை நாடு கடத்துவோம். பூங்காவைச் சுற்றிச் சுவர் எழுப்புவோம்."

மன்னர் அவையைப் பார்த்தார். "முதலில் கால் வைத்தவர் யார்? அறிந்தவர் உண்டா?"



"கவலை எதற்கு?" என்றார் ராயர். "நாளைக் காலை குடத்தோடு வருகிற முதல் பெண்ணைப் பிடித்தால் போயிற்று. அவளே இருக்கட்டும்."

நல்லாண்டிக்குத் தெரியும். தெரிந்ததை விழுங்கிக்கொண்டுதான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தான். இனி உட்கார முடியவில்லை.

"அவள் இல்லை, மன்னா. யார் என்று எனக்குத் தெரியும்."

"சொல்."

"தண்டனை என்று ஒன்று இருக்கும்வரை சொல்ல மாட்டேன், மன்னா."

நல்லாண்டி பயந்துதான் போயிருந்தான். விகடகவி பயந்தாலும் ஜனங்கள் அதை நடிப்பு என்றே நினைப்பார்கள். அது ஒரு சௌகரியம்.

"ஊர் முழுவதும் பாதையிலேயே நடக்கும்படி நான் செய்துகாட்டுகிறேன். தண்டனையும் வேண்டாம், சுவரும் வேண்டாம்," என்றான்.

ராயர் சிரித்தார். "வேலி போடாமல், முள் பரப்பாமல், காவல் வைக்காமல்? புதுச் செங்கல் ஒன்றுகூட வாங்காமல்?"

"அத்தனையும் இல்லாமல்."

மன்னர் கெடு விதித்தார். "பன்னிரண்டு நாள். பன்னிரண்டாம் நாள் விடியல்முதல் பொழுது சாயும்வரை நான் உப்பரிகையில் நிற்பேன். செங்கல் இல்லாத இடத்தில் ஒருவர் காலும் படக்கூடாது. பட்டால் சுவர் எழும். அந்தப் பேரையும் நீ சொல்ல வேண்டும். பேருக்கு உரியவரும் நீயும் அன்றே எல்லை தாண்ட வேண்டும்."

"படாவிட்டால்?"

"கேட்டதைத் தருகிறேன்."

முதல் நாளே நல்லாண்டி கொத்தனார்களை அழைத்து மயிலைப் பெயர்க்கச் சொன்னான். தோகை போயிற்று, கழுத்து போயிற்று, அலகு போயிற்று. செங்கல் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தது. ராயர் மேலே நின்று கை தட்டினார். இவன் தன் குழியைத் தானே வெட்டுகிறான் என்று அவருக்கு ஒரே ஆனந்தம்.

தண்ணீருக்கு வந்த செம்பாயி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள். "ஏன்யா, இருந்த பாதையையும் பெயர்த்துட்டியா? நாங்க எதுல நடக்கிறது?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி நடங்க."

"ராயர் வைவாரே."

"வையட்டும். குடம் தூக்கப்போறது அவரா?"

செம்பாயி சிரித்துக்கொண்டே புல்லில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள்.

தினமும் மாலையில் நல்லாண்டி புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க வைத்தான். மண் இளகிக் கிடக்கும். மறுநாள் நடப்பவர் கால்தடம் தெளிவாக விழும். அவன் குனிந்து குனிந்து பார்த்து, தடம் அடர்ந்த இடங்களில் முளை அடித்துக் கயிறு கட்டினான். ஜனங்கள் நேர்கோட்டில் நடப்பார்கள் என்றுதான் அவன் எண்ணியிருந்தான். நடக்கவில்லை. அங்கே நின்ற ஒரு புங்கமரத்து நிழலுக்காக எல்லோரும் பத்தடி வளைந்தார்கள். ஒரு மேட்டுக்கு முன்னால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. ஏன் என்று அரைநாள் காத்திருந்து பார்த்தான். தலைச்சுமைக்காரர்கள் அங்கே நின்று மூச்சு வாங்கினார்கள். அந்த இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நடச் சொன்னான்.

ஒரே ஒருத்தி மட்டும் புல்லில் இறங்கவில்லை. கையில் ஒரு துணிமூட்டையோடு, வெயிலில், பூங்காவின் வெளிவரப்பைச் சுற்றியே போய்வந்தாள். ஐப்பசியிலிருந்தே அப்படித்தான் போகிறாள்.

ஆறாம் நாள் நல்லாண்டி வரப்புக்கே போனான். "அக்கா, இப்ப யாரும் கேக்கமாட்டாங்க. குறுக்கே வாங்க."

"வேணாம் தம்பி. ஒருதரம் வந்ததே போதும்." அவள் நிற்காமல் நடந்தாள். "நீ ஏன் எனக்காக உன் பிழைப்பைக் கெடுத்துக்கிறே?"

"கெடாது அக்கா."

அவனுக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னான்.

பதினோராம் நாள் கயிறு கட்டிய இடமெல்லாம் செங்கல் பாவினார்கள். மயிலுக்குச் செலவான செங்கலில் பாதிகூட ஆகவில்லை. மீந்தவை கூடை கூடையாக நின்றன.

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. மன்னர் மூன்று மாதக் குழந்தையான இளவரசரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உப்பரிகையில் நின்றார். பக்கத்தில் ராயர். கீழே ஊர் நடந்தது. குடம் நடந்தது, விறகு நடந்தது, மீன்கூடை நடந்தது. ஒரு காலும் செங்கலை விட்டு இறங்கவில்லை. இறங்க ஒருவருக்கும் தேவையிருக்கவில்லை. அவரவர் நடக்க நினைத்த இடத்தில்தான் செங்கல் இருந்தது.

நடுப்பகலில் இன்னொன்றும் நடந்தது. சுமைதாங்கியில் விறகை இறக்கிய ஒருவன் நெற்றியைத் துடைத்துவிட்டு, உப்பரிகையைப் பார்த்துக் கைகூப்பினான். செம்பாயியும் குடத்தை இறக்கிவைத்துக் கைகூப்பினாள். அப்புறம் வந்தவர் போனவர் எல்லோரும்.

"இவர்கள் யாரை வணங்குகிறார்கள்?" என்று மன்னர் கேட்டார்.

"தங்களைத்தான்," என்றான் ஏவலன்.

"மயில் இருந்தபோது ஒருவரும் வணங்கவில்லையே," என்றார் மன்னர்.

ராயருக்குப் பொறுக்கவில்லை. பொழுது சாய ஒரு நாழிகைதான் இருந்தது. ஒரு கால்தானே வேண்டும், என் கால் போதாதா என்று படியிறங்கி வந்தார். புதுப்பாதையின் ஓரத்துக்குப் போனார். மன்னர் பார்க்கும்படி வலக்காலை உயரத் தூக்கிப் புல்லை நோக்கி வைத்தார்.

கால் இறங்கும் முன்னே, மீந்த செங்கல் கூடையோடு பாதையில் நின்ற நல்லாண்டி ஒரு செங்கலைக் கீழே தள்ளினான். கால் செங்கலில் பட்டது.

ராயர் இடக்காலைத் தூக்கினார். அதற்கும் ஒரு செங்கல். வேகமாக நடந்தார். நல்லாண்டி கூடையோடு குனிந்தபடியே, தான் வைத்த செங்கல்மேலேயே கால் வைத்து முன்னால் ஓடினான். கொத்தனார்கள் பாதையில் நின்றபடியே அவனுக்குச் செங்கலை வீசினார்கள். ராயர் வலப்பக்கம் திரும்பினார், செங்கல். இடப்பக்கம் திரும்பினார், செங்கல். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தான் போட்ட வட்டத்தின்மேலேயே நின்றார்.

"ராயரே, எங்கே போகிறீர்கள் என்று சொன்னால் முன்கூட்டியே பாவிவிடலாம்," என்றான் நல்லாண்டி மூச்சிரைக்க.

"போடா!" என்று ராயர் எம்பிக் குதித்தார். பட்டுவேட்டி தடுக்கியது. புல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு கால்களும் ஆகாயத்தைப் பார்த்தன.

"மன்னா! பட்டுவிட்டது! செங்கல் இல்லாத இடத்தில் பட்டுவிட்டது!" என்று அங்கிருந்தே கத்தினார்.

நல்லாண்டி உப்பரிகையை நோக்கிக் குனிந்து வணங்கினான். "கால் படக்கூடாது என்பதுதான் கட்டளை, மன்னா. புல்லில் பட்டது எது என்று ராயரையே கேளுங்கள்." அப்படியே ராயரின் கால்களுக்கு நேர்கீழே இரண்டு செங்கற்களை வைத்தான். "இனி இறக்கலாம், ராயரே."

மேலே மன்னர் சிரித்த சிரிப்பில் இளவரசர் விழித்துக்கொண்டார். மன்னர் சிரித்தபடியே குழந்தையோடு கீழே இறங்கி வந்தார். முதல் தடவையாகத் தம் பூங்காவில் தம் காலால் நடந்தார். புங்க நிழலில் வளைந்தார், சுமைதாங்கியைத் தொட்டுப் பார்த்தார். ராயரின் வட்டத்தைக் கண்டதும் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. சூரியன் ஏரிக்குள் இறங்கியிருந்தது.

"வென்றாய், நல்லாண்டி. பொன்னா, நிலமா? கேள்."

"புல்லில் முதலில் பட்ட காலை மன்னித்தருள வேண்டும். வேறொன்றும் வேண்டாம்."

"உனக்கு என்று ஒன்றும் கேட்கவில்லையா?"

"இது எனக்குத்தான், மன்னா."

மன்னர் கையை உயர்த்தினார். "மன்னித்தேன். இந்தப் பாதையில் அவர் தலைநிமிர்ந்து நடக்கட்டும். இனியாவது சொல், யார் அவர்?"

நல்லாண்டி கூடையைக் கீழே வைத்தான். மன்னரின் தோளிலிருந்த குழந்தையைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்கு விகடம் எதுவும் வரவில்லை.

"ஐப்பசி மழையன்று அரசியாருக்கு வலி கண்டு, அரண்மனை வைத்தியர் கைவிரித்துவிட்டார். ஊருக்குள் ஓடி அவரை அழைத்துவந்தவன் நான். மயிலைச் சுற்றி வரவேண்டும் என்றேன். 'அதுவரை பிள்ளை தாங்காது, தம்பி' என்று சொல்லிவிட்டு அவர் புல்லில் இறங்கி ஓடினார். மன்னா, முதலில் பட்டது, இளவரசரைக் கையில் ஏந்தித் தங்களிடம் தந்த மருத்துவச்சி மாராயியின் கால்."