கோலுக்கு நின்ற கொம்பு

“சாமி, காட்டுல நூறு நோஞ்சான் மான் இருக்கிறது நல்லதா, பத்து நல்ல மான் இருக்கிறது நல்லதா?”

கேட்டவர் மிளாக்குளம் ஜமீன்தார் வடமலையப்பர். வயது அறுபத்திரண்டு.

கேட்கப்பட்டவர் அவரைவிட இருபது வயது சின்னவர். உடைந்த பானை ஓட்டில் கஞ்சி வாங்கிக் குடிப்பதால் ஓட்டுச்சாமி என்று பேர். ஜமீனின் வேட்டைக்காட்டு அடிவாரத்தில், ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்மண்டபம்தான் அவருக்கு வீடு.

சாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி பாதிதான் ஆகியிருந்தது.

ஜமீன்தாருக்கு அப்போதுதான் தலைப்பாகையோடு நிற்பது உறைத்தது. பதறிக் கழற்றினார். ஏழு தலைமுறையாகத் தலை மாறித் தலை வந்த பட்டுத் தலைப்பாகை. கீழே வைக்க முடியாது. மண்டபத் தூணோடு சேர்த்து ஒரு கவட்டைக் கிளையை நார்க்கயிற்றால் கட்டி, அதில் சாமி தன் துணிப்பையை மாட்டியிருந்தார். அடுப்புப் புகை ஏறி அது கன்னங்கரேல் என்று இருந்தது. ஜமீன்தார் பைக்கு மேலே தலைப்பாகையை மாட்டினார்.

“யாருக்கு நல்லது?” என்றார் சாமி, ஓட்டைக் கழுவிக்கொண்டே.

“ஜமீனுக்கு.”

“சரி. சொல்லு.”

“முந்நூறு மிளா கிடக்கு, சாமி. பாதிக்கு மேல பெட்டை. இருக்கிற புல்லையெல்லாம் அதுகளே தின்னு தீத்திருது. கலைக்குக் கொம்பே வளர மாட்டேங்குது. பெட்டையில ஒரு நூத்தம்பதைச் சுட்டுத் தள்ளிட்டா மிச்சம் தின்னு கொழுக்கும். நாலு நல்ல கலை எந்திரிக்கும். ஆனா பெட்டை மேல துப்பாக்கி நீட்டின பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது. அதான் உங்க வாக்கைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

மிளா என்பது எருமைக்கன்று உயரத்துக்கு நிற்கிற மான். அதில் ஆண்தான் கலை. கொம்பு அதற்கு மட்டும்தான்.

“கொம்பு எதுக்கு?”

“என்ன சாமி இப்படிக் கேட்டுட்டீங்க! என் மகனுக்குத் தலைப்பாகை கட்ட வேண்டாமா?”

விஷயம் இதுதான். ஜமீனை உண்டாக்கிய முதல் பாட்டனார் சுட்ட மிளாவின் கொம்பு நாலு சாண் இருந்தது. அந்த நீளத்துக்கு ஒரு கருங்காலிக் கோல் செதுக்கி வைத்துவிட்டுச் செத்துப்போனார். எந்த வாரிசு கோலின் நீளத்துக்குக் கொம்பு கொண்டுவருகிறானோ அவன்தான் அடுத்த ஜமீன். வடமலையப்பர் இருபத்திரண்டு வயதில் கொண்டுவந்தார். அவருடைய ஒரே மகன் செந்தட்டிக்கு முப்பத்தொன்று ஆகிறது. இன்னும் வெறுந்தலை.

“நான் ஆடி தாண்ட மாட்டேன்னு வைத்தியர் கைவிரிச்சுட்டாரு, சாமி. இருமினா ரத்தம் வருது. கட்டாம நான் கண்ணை மூடிட்டா ஜமீன் பங்காளி கைக்குப் போயிரும். எம்பிள்ளை தெருவுல நிப்பான்.”

அப்போது மாசி மாதம்.

“பாட்டனார் என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு.”

“‘கோலுக்கு நிக்கிற கொம்பைக் கொண்டாந்து வைக்கிறவன் தலையில கட்டுங்க’ன்னாரு.”

“கொண்டாந்து வைக்கிறவன்,” என்றார் சாமி.

“ஆமா சாமி.”

“கொண்டாந்து வைக்கிறவன்.”

பாட்டனாரின் பெருமையை சாமி மெச்சுகிறார் என்று நினைத்து ஜமீன்தார் கண்கலங்கிக் கும்பிட்டார்.

சாமி தூணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரமனையில எத்தனை கொம்பு மாட்டியிருக்கு?”

“நாப்பத்தோரு சோடி.”

“அத்தனையும் இங்க வரட்டும். அந்தக் கோலும்.”

மறுநாள் ஜமீன்தார் மறுபடி வந்தார். தலைப்பாகையைக் கழற்றி அதே கிளையில் மாட்டிவிட்டு, கொம்புகளை இறக்குவதில் சுவரெல்லாம் காரை பெயர்ந்துவிட்டது என்று ஒரு பாட்டம் புலம்பினார். சாமி, “அப்படியா?” என்றார். பெரியவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் தீருகிற காரியத்துக்கு வண்டி கட்டச் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் காலை மூன்று மாட்டுவண்டிகள் வந்தன.

ஒவ்வொரு கொம்பின் பலகையிலும் வருஷம் எழுதியிருந்தது. வருஷ வரிசைப்படி, மண்டபத்துப் படியில் தொடங்கி ஊற்றுவரைக்கும் வைக்கச் சொன்னார் சாமி. வண்டிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜமீன்தார் தலைப்பாகையை மாட்டிவிட்டு, கோலைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்று பார்த்தார்.

முதல் பாட்டனாரின் கொம்பு அவர் இடுப்பைத் தாண்டி நின்றது. ஊற்றங்கரையில் கிடந்த கடைசிச் சோடி, கிழவிகள் முள் தள்ளுகிற கவைக்கம்பு மாதிரி இருந்தது.

“என்ன தெரியுது?” என்றார் சாமி.

“போகப் போகச் சின்னதா இருக்கு.” உடனே சமாளித்தார். “தரை சரிவு, சாமி. சரிவுல வச்சா அப்படித்தான் தெரியும்.”

“அப்ப கீழ போய் நின்னு மேல பாரு.”

போனார். நின்றார். பார்த்தார். ஒரு இருமல் வந்து அவரைச் சமாளிக்க விடவில்லை.

“இதையெல்லாம் யாரு சுட்டது?” சாமி மேலிருந்தே கேட்டார்.

“நாங்கதான். என் காலத்துலதான் பாதிக்கு மேல. சீமையிலருந்து விருந்தாளி வருவாங்க, பக்கத்து ஜமீன்ல இருந்து வருவாங்க. அந்தந்த வருசம் இருக்கிறதுலயே பெரிய கொம்பா பட்ட கலையை விடுறதே கிடையாது.”

“சின்னதுன்னு பட்டதை?”

“விட்டிருவோம். பொடிப்பயலைச் சுடுறது கேவலம் இல்லையா? பிழைச்சுப் போன்னு பெருந்தன்மையா விட்டிருவோம்.”

“இத்தனை வருசமா?”

“இத்தனை வருசமா.”

“அப்ப காட்டுல குட்டிக்குத் தகப்பனா யாரை விட்டீங்க?”

ஜமீன்தார் அந்தக் கடைசிச் சோடியைத் தொட்டுப் பார்த்தார். ஊற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்தார்.

“பெட்டைங்க மேல பழி போட்டேனே,” என்றார்.

சாமி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மிளா வருசா வருசம் கொம்பை உதுக்குமே. அதை நீங்க எடுக்கிறதில்லையா?”

ஜமீன்தாருக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “உதிர்ந்த கொம்பா? அது கத்திக்குப் பிடி போடத்தான் ஆகும், சாமி. குப்பை பொறுக்குற மாதிரி அதைப் பொறுக்கிட்டு ஒரு ஆம்பளை வருவானா?”

சாமி ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. மண்டபத்துத் தூணை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“இப்ப ஒண்ணுகூடவா இல்லை, கோலுக்கு நிக்கிறது?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. மலையில பலவேசம் பாத்திருக்கான்.” பலவேசம் ஜமீனில் தடம் பார்க்கிறவர். “செந்தட்டி அதை ரெண்டு தடவை பாத்துட்டான், சாமி. துப்பாக்கி கையில. முப்பது அடியில நின்னுச்சாம். சுடாம வந்துட்டான்.”

“ஏன்?”

“நான் கேக்கலை.”

“கேக்கலையா?”

“பேடின்னு நினைச்சுட்டேன்.” ஜமீன்தாரின் குரல் இறங்கிவிட்டது. “இன்னிக்குக் காலையில, இங்க கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு காரியம் பண்ணினேன். ஒரு தாம்பாளத்துல பச்சைச் சேலையும் வளையலும் வச்சு, வேலைக்காரங்க முன்னாடி அவன்கிட்ட நீட்டினேன். ‘தலைப்பாகைதான் ஒனக்கு வாய்க்கலை, இதையாவது உடுத்திக்கோ’ன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை. சேலையை எடுத்துக்கிட்டான்.”

“எங்க போனான்?”

ஜமீன்தார் சாமியைப் பார்த்தார். சாமி எழுந்துவிட்டார்.

“ஓடு,” என்றார் சாமி.

அறுபத்திரண்டு வயது. நெஞ்சில் ரத்தம். வெறுந்தலை. அந்த மனுஷர் மலையேறி ஓடினார். கையிலிருந்த கோலைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. “செந்தட்டீ! வேண்டாம்டா!” என்று கத்தியபடி ஓடினார். கத்தினால் இருமல் வந்தது. இருமினால் கத்த முடியவில்லை. செய்ததெல்லாம் அவர்தான், தெரியும். ஆனாலும் அவர் ஓடியதை நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது.

பாதி மலையில் வெடிச்சத்தம் கேட்டது.

ஒன்றுதான். செந்தட்டிக்குக் குறி தப்பாது.

ஜமீன்தார் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் அவர்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் பலவேசம். பின்னால் நாலு பேர் மூங்கில் கட்டித் தூக்கி வந்தார்கள். செந்தட்டி கடைசியில் வந்தான்.

மிளாவின் மேல் பச்சைச் சேலை போர்த்தியிருந்தது. முகம், கழுத்து, உடம்பு எல்லாவற்றையும் மூடியிருந்தது. கொம்பை மட்டும் மூட முடியவில்லை.

“சேலையை வீணாக்கலைப்பா,” என்றான் செந்தட்டி.

ஜமீன்தார் அவன் கையைப் பிடித்தார். அவன் விலக்கவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“ஏன்டா முன்னாடி ரெண்டு தடவையும் சுடலை?”

“அது ஒண்ணுதான் மிச்சம்னு தெரிஞ்சுது. அதைச் சுட்டா அப்புறம் என்ன இருக்குன்னு நினைச்சேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேட்டிருக்கலாம்.”

எல்லோருமாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வழி நெடுக நாற்பத்தோரு சோடி கொம்புகள். செந்தட்டி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வருஷங்களைப் படித்தான். படியில் முதல் பாட்டனாரின் கொம்புக்குப் பக்கத்தில் மிளாவை இறக்கச் சொன்னான்.

“அளங்கப்பா.”

“வேண்டாம்டா.”

“அளங்க. அதுக்காகத்தானே.”

ஜமீன்தார் கோலை வைத்தார். கொம்பு கோலைவிட இரண்டு விரற்கடை கூடுதல். முதல் பாட்டனாருடையதையும் தாண்டிவிட்டது.

தூக்கி வந்தவர்கள் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் பலவேசத்தின் முகத்தைப் பார்த்தார்கள். பலவேசம் மிளாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த ஒண்ணைப் பாக்கத்தான் நான் தினம் காலையில மேல ஏறினேன், எசமான்,” என்றார்.

“பெட்டைங்களைச் சுட வேண்டியதில்லப்பா,” என்றான் செந்தட்டி. “நூறா பத்தான்னு சாமிகிட்ட கேட்டீங்களாமே. பத்து இனிமே கிடையாது. இருக்கிறதாவது இருக்கட்டும்.”

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “கட்டுங்க,” என்றான்.

ஜமீன்தார் தலைப்பாகையை எடுக்கத் தூணுக்குப் போனார். பட்டு, கவட்டையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தார். நார்க்கயிறு அறுந்து, தலைப்பாகையும் பையும் கிளையும் மொத்தமாக அவர் கைக்கு வந்துவிட்டன.

கிளை கனமாக இருந்தது.

கட்டைவிரலால் தேய்த்தார். புகைக்கரி உரிந்தது. உள்ளே சொரசொரப்பாக வரி ஓடியது. அடிப்பக்கம் வட்டமாக, வெட்டுக்காயம் இல்லாமல், தானாக உதிர்ந்ததாக இருந்தது. நாற்பது வருஷம் கொம்பைத் தொட்ட கை. அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கோலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

நாலு சாண். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“இது எப்ப, சாமி?”

“முந்தின வருசம் பங்குனியில. ஊத்துல தண்ணி குடிக்க வந்துச்சு. தூண்ல ஒரசிட்டு, போட்டுட்டுப் போயிருச்சு.”

“இதே கலையா?”

“இதே கலைதான்.”

“இன்னும் ஒரு மாசத்துல பங்குனி வந்துரும்,” என்றார் பலவேசம், யாரையும் பார்க்காமல்.

ஜமீன்தார் அந்தக் கொம்பைப் படியில் கிடந்த மிளாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஏன் சாமி சொல்லலை?”

“பாட்டனார் கொண்டாரத்தான் சொன்னாரு, சுடச் சொல்லலை. மூணு நாளா தலைப்பாகையைக் கழத்தி அதுலதான் மாட்டினே. நீயே பாத்துருவேன்னு காத்திருந்தேன்.”

சாமி தரையைப் பார்த்தார்.

“காத்திருந்திருக்கக் கூடாது,” என்றார்.