சௌந்திரம் ஊற்றிய குடம்

பாய்லர் ஒழுகினால் ஊரில் எல்லோரும் ஈயம் பற்றவைப்பவரிடம் போவார்கள். பொன்னுரங்கம் சாமியாரிடம் போனார்.

தாண்டிக்குடி மலையில் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர் அவர். வயது அறுபத்தெட்டு. அவருடைய குரு கண்டக்டர் சாமிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மலைப் பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருந்த மனிதர், ஒரு நாள் தோல்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முருகன் கோயிலுக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "இறங்க வேண்டிய இடம் வந்துருச்சு" என்பார். மார்கழியிலும் சுனைத் தண்ணீரில்தான் குளிப்பார். உடம்பில் குளிரே ஏறாத ஆள் என்று ஊரில் பேச்சு.

அன்று காலையும் சுனையில் முங்கிவிட்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"சாமி, வீட்டுச் செம்பு பாய்லர் ஒழுகுது. பத்தவைக்கிறதா, மாத்துறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பத்தவைக்கிறவர் என்ன சொன்னாரு?"

"காதர் பாய் வந்து பார்த்தாரு. அடி மூட்டு விட்டுப்போச்சாம். தண்ணியைச் சுத்தமா இறக்கி, காயவச்சுத்தான் கை வைக்க முடியுமாம்."

"மக என்ன சொல்லுது?"

"அமுதாவா? திருப்பூர்ல இருந்து தினம் போன். பழசைத் தூக்கிப் போட்டுட்டு, கரண்டுல ஓடுறதை மாட்டுங்கப்பாங்குது."

"ரெண்டுல எது உங்களுக்குப் பிடிக்கலை, அண்ணே?"

சீடனை அண்ணே என்று கூப்பிடுகிற குரு உலகத்தில் இவர் ஒருவர்தான். பொன்னுரங்கம் தலை குனிந்துகொண்டார்.

"ரெண்டும்."

"எத்தனை நாளா ஒழுகுது?"

"எட்டு மாசமா."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, பார்ப்போம்" என்று இறங்க ஆரம்பித்துவிட்டார்.

வழியெல்லாம் பொன்னுரங்கம் இருமினார். எட்டு மாதமாகத் தொட்டியடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சளி நெஞ்சில் கட்டியிருந்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. அதை மகளிடமும் சொல்லவில்லை, சாமியிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால், குளியலறையை ஒட்டின ஓலைச் சார்ப்பில் பாய்லர் நின்றது. இடுப்பளவு உயரம். நடுவில் தீ எரியும் குழாய், பக்கத்தில் தண்ணீர் பிடிக்கப் பித்தளைத் திருகு. செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. அடியில் ஒரு சொம்பு வைத்திருந்தது. சொட்டு, சொட்டு என்று அதில் விழுந்துகொண்டிருந்தது.

சாமி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சொம்பு முக்கால் நிறைந்ததும் பொன்னுரங்கத்தின் கை தானாகப் போய் அதை எடுத்தது. மேல் மூடியைத் திறந்து, தண்ணீரைத் திரும்ப உள்ளேயே ஊற்றியது.

"என்ன பண்றீங்க?"

பொன்னுரங்கம் அகப்பட்ட திருடன் மாதிரி சொம்பை அவசரமாகக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கண்ணே."

"இதுக்குள்ள இருக்கிறது அவ ஊத்துன தண்ணி, சாமி."

பிறகு அடைத்த மடை திறந்துகொண்டது. நாற்பத்தொரு வருடமாக அந்த வீட்டுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் மனைவி சௌந்திரம் குளிப்பாள், அப்புறம் அவர். யார் குளித்தாலும், எடுத்த தண்ணீருக்கு ஈடாக ஒரு குடம் உள்ளே ஊற்றிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அடுப்புத் தணல் இருக்கும்போதே ஊற்றினால், அடுத்த ஆளுக்கு வெந்நீர் தயாராக இருக்கும். ஒரு நாள் மறந்துவிட்டு வந்ததற்கு சௌந்திரம் அவரை ஈர வேட்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளித்தாள், குடத்தை ஊற்றினாள், "தண்ணி காயுது, வாங்க" என்று சத்தம் கொடுத்தாள். குளியலறை வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே சரிந்துவிட்டாள்.

"அன்னையிலிருந்து தீ மூட்டலை. காரியம் முடிஞ்ச மறுநாளே ஒழுக ஆரம்பிச்சிருச்சு. பத்தவைக்கணும்னாலும் இறக்கணும், மாத்தணும்னாலும் இறக்கணும். எப்படிச் சாமி அதைத் தரையில கொட்டுவேன்?"

"திரும்ப ஊத்தினா நிக்குதா?"

பொன்னுரங்கம் சார்ப்பு ஓலையில் செருகியிருந்த ஒரு ஈர்க்குச்சியை உருவிக் காட்டினார். அதில் தண்ணீர் மட்டத்துக்கு வரிசையாக நகக்கீறல்கள்.

"குறைஞ்சுக்கிட்டேதான் வருது. எங்க போகுதுன்னே தெரியலை. போன தையில ரெண்டு சாண் இருந்துச்சு. இப்ப நாலு விரக்கடை."

"அதுவும் தீர்ந்தா?"

"தீர்ந்தா தீரட்டும், சாமி. அதோட நானும்..." மீதியை இருமல் தின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தியதை அப்போதுதான் சொன்னார். சொன்னபோது அழுகைகூட வரவில்லை. அழுகிற இடத்தையெல்லாம் அவர் எப்போதோ தாண்டியிருந்தார்.

சாமி எழுந்தார்.

"அன்னைக்கு அந்தம்மா ஊத்துன குடம் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"குளிச்சீங்களா?"

"அவ வாசப்படியில கிடக்குறா. நான் எப்படிச் சாமி குளிப்பேன்?"

சாமி தொட்டியடிக்குப் போனார். குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். பாய்லர் மூடியைத் திறந்து குடத்தைச் சாய்க்கப்போனவரின் கையைப் பொன்னுரங்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சாமி! அது அவ தண்ணி! கலந்துராதீங்க!"

"அந்தம்மா ஊத்துனப்ப உள்ள இருந்தது யாரு தண்ணி?"

 முந்தின நாள் கடைசியாகக் குளித்தது பொன்னுரங்கம்தான்.

"நான் ஊத்துனது."

"கலக்க மாட்டேன்னு அந்தம்மா சொல்லுச்சா?"

பிடி தளர்ந்தது. தண்ணீர் விழுந்தது. செம்புக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பொன்னுரங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். சாமி அவரைத் தேற்றவில்லை. இன்னும் மூன்று குடம் கொண்டுவந்து ஊற்றினார். மூலையில் கிடந்த காய்ந்த காபிக் குச்சிகளை ஒடித்துக் குழாயில் போட்டுத் தீ மூட்டினார். புகை சார்ப்பெல்லாம் நிறைந்தது. பாய்லர் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. சொம்பு நிறைந்து வழிந்து, தண்ணீர் தரையில் ஓடியது. எடுத்து ஊற்றப் பொன்னுரங்கம் எழவில்லை.

அரை மணி நேரத்தில் செம்பு முனகத் தொடங்கியது. சாமி திருகின் கீழே வாளியை வைத்துத் திறந்தார். ஆவி பறந்தது.

"போங்க. குளிங்க."

பொன்னுரங்கம் வாளியைத் தூக்கினார். குளியலறை வாசற்படி வரை போனார். அந்தப் படியைத் தாண்ட முடியாமல் நின்றார். வெந்நீர் தளும்பிக் காலில் கொட்டியது.

"முடியலை சாமி."

"என்ன முடியலை?"

"குளிச்சிட்டு ஒரு குடம் ஊத்தணும். அதுதான இந்த வீட்டு முறை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்குப் பின்னால குளிக்க இங்க யாரு இருக்கா? நான் யாருக்குச் சாமி ஊத்துவேன்?"

சாமி தோள்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். துவைக்கிற கல்லின் மேல் ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தார்.

"எனக்குக் குளிருதுண்ணே. சீக்கிரம் குளிச்சிட்டு ஒரு குடம் ஊத்தி வைங்க."