சித்தி பார்த்த வீடியோ

தனியார் பள்ளித் தாளாளர் மாசிலாமணி ஒழுக்க விஷயத்தில் மகா கறார். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த செவ்வந்தி டீச்சரை எழுப்பி நிறுத்தினார்.

"அண்ணன் கல்யாணத்துல குத்தாட்டம் போட்டு, அதை ஃபேஸ்புக்ல வேற போட்டிருக்கீங்க. டீச்சர் செய்யற வேலையா இது? அந்த வீடியோவைப் பார்த்த எல்லாரும் என் முன்னாடி வந்து தப்பில்லைன்னு சொல்லட்டும். இல்லேன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

செவ்வந்தி நிதானமாகப் பதில் சொன்னார்.

"கூட்டிட்டு வரேன் சார். நான் போடறதைச் சொந்தக்காரங்க மட்டும்தான் பார்க்க முடியும், வெளியாளுங்க பார்க்க முடியாது. அம்மா, அண்ணன், அத்தைங்க எல்லாரும் வந்துடுவாங்க. போன வாரம் ஃபேஸ்புக்ல சேர்ந்த சகுந்தலா சித்தி யாருன்னுதான் புரியலை. ஏதோ தூரத்துச் சொந்தம்னு நினைச்சுச் சேர்த்துக்கிட்டேன். ஆமா, சார் எப்படிப் பார்த்தீங்க?"

தாளாளர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"மத்தவங்க யாரும் வர வேண்டாம்," என்றார் கடைசியில். "தப்பில்லை. உட்காருங்க."

அன்று சாயங்காலமே சகுந்தலா சித்தி உறவை முறித்துக்கொண்டு போய்விட்டார்.