நாத்தனார் பாடிய பாட்டு

என் தம்பி மனைவி சுடர்க்கொடி, பேராசிரியர் திருமேனிநாதனிடம் ஆராய்ச்சி செய்கிறாள். நான் பாடிய நடவுப் பாட்டுகளை வைத்து அவள் எழுதிய கட்டுரையை அவர் கேட்டார்.

"கருத்தரங்கில நான் வாசிக்கப் போறேன். உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு. இல்லைன்னா உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் வந்து சொன்னதும் நான் பயந்துபோனேன். அவளோ, "பேரை மட்டும் மாத்தினாப் போதுமா ஐயா?" என்றாளாம்.

"போதும். வேற எதுலயும் கை வைக்காதே."

அப்படியே செய்தாள். "பயப்படாம வாங்க மதினி" என்று என்னையும் கூட்டிப்போனாள். கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

படித்துக்கூடப் பார்க்காத கட்டுரையை அவர் மேடையில் கணீரென்று வாசித்தார்: "இந்தப் பாட்டுகளை என் நாத்தனார் பாடக் கேட்டு எழுதினேன்."

அரங்கமே சிரித்தது. துறைத்தலைவி அம்மாள், "ஆம்பளைக்கு ஏது சார் நாத்தனார்?" என்றார்.

அவர் சுடர்க்கொடியை முறைத்தார். "நீங்க சொன்னபடி பேரை மட்டும்தான் மாத்தினேன் ஐயா" என்றாள்.

"அந்த நாத்தனார் யாரு?" என்று கேட்டார் அம்மாள்.

தட்டுத்தடுமாறி எழுந்தேன். "நான்தாங்க. ஆனா இவர் எங்க வீட்டுக்கு மருமகளா வரலீங்களே!"

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வந்த மருமகளே மேடையேறி வாசிக்கட்டும். இனி அவளுக்கு வழிகாட்டி நான்."

எழுந்து நின்ற நான், அவள் வாசித்து முடிக்கும்வரை உட்காரவே இல்லை.