மதர் ஏறிய படிகள்

பிள்ளைகளோடு எறிபந்து ஆடிக்கொண்டிருந்தபோது மதர் எவரிஸ்தாவின் குதிகாலுக்கு மேலே ஏதோ பட்டென்று அறுந்தது. அவர் திரும்பி, பின்னால் நின்ற அடைக்கலமேரியிடம் கேட்டார்.

"ஏம்மா உதைச்சே?"

அவள் உதைக்கவில்லை. தசைநாண் அறுந்தால் யாரோ உதைத்தது போலத்தான் இருக்குமாம். டாக்டர் சொன்னார்.

சிஸ்டராவதற்கான பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆபரேஷன் முடிந்ததிலிருந்து மதரைத் தரையில் கால் வைக்க விடவில்லை. தண்ணீர் கேட்பதற்குமுன் தண்ணீர் வரும். மாடி ஹாஸ்டலில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று மதர் எழும்புவதற்குள் அவளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

கட்டுப் பிரித்தாயிற்று. குதிகாலைத் தூக்கிப் பழகுங்கள், மெதுவாகப் படியேறலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. கெண்டைக்கால்தான் தேறவில்லை. படியேற முடியாத மதருக்கு ஹாஸ்டல் எதற்கு, வயதான சிஸ்டர்கள் இல்லத்துக்கு வரட்டும் என்று தலைமை மடத்திலிருந்து பேச்சு வந்தது.

அன்றைக்கு அடைக்கலம் சாப்பிடவில்லை.

"கால் ஏன் மதர் தேறவே மாட்டேங்குது? நான் என்ன குறை வெச்சேன்?"

மதர் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துத் தன் கெண்டைக்காலை அளந்தார்.

"உன் காலை நீட்டு."

நீட்டினாள். அளந்தார்.

"என்னோடது குச்சி. உன்னோடது நல்லாத் திரண்டிருக்கு."

"எத்தனை தடவை மாடி ஏறி இறங்குறேன், மதர்."

"யாருக்காக?"

அவள் நாடாவைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள்.

ராத்திரி ஜெபம் முடிந்ததும் மதர் படிக்கட்டின் கீழே போய் நின்றார். அடைக்கலம் ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டாள்.

"விழுந்துட்டீங்கன்னா?"

"நீ உதைச்சேன்னு சொல்லிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதர் ஏறினார். குதிகால் நடுங்கியது, எழும்பியது. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். அடைக்கலம் படியைப் பார்க்கவில்லை, அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஏறினாள்.

மேலே ஒரு குரல். "ஏய், மதர்டி."

விளக்கு அணைந்தது. கட்டில்கள் கிறீச்சிட்டன. பிறகு எல்லோரும் தூங்குகிற சத்தம், கொஞ்சம் அதிகமாகவே.

மதர் ஹாஸ்டல் வாசலில் நின்று புன்னகைத்தார்.

அடைக்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். "தினமும் நானே பிடிச்சுக் கூட்டிட்டு வரேன், மதர். கையை எப்போ விடலாம்னு நீங்களே சொல்லுங்க."

"நான் பாதிப் படியிலேயே விட்டுட்டேனேம்மா. நீதான் இன்னும் பிடிச்சிட்டிருக்கே."