கேட்கப் போன தலைமையாசிரியர்

குருவுக்குத் தாடி வேண்டும், சீடனுக்கு இளமை வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் வற்புறுத்தவில்லை. அது படம் வரைகிறவர்கள் செய்துவிட்ட ஏற்பாடு.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் இசக்கியம்மாள். சீடருக்கு அறுபத்து நாலு. பெயர் ஆவுடையப்பன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

இசக்கியம்மாளுக்குப் பிறந்ததிலிருந்தே கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் கேட்கும், அதுவும் தனக்குத் தோன்றிய வேகத்தில். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு வாடகை வீட்டில் இல்லம் நடத்திவந்தாள். தன்னையும் சேர்த்து இருபத்தேழு பேர். நடக்க முடியாதவர்கள், பார்க்க முடியாதவர்கள், பேச்சு வராதவர்கள். குழந்தைகளும் இருந்தார்கள், தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். தலைமையாசிரியரும் அக்கா என்றார். வாழ்நாள் முழுக்கப் பிறர் பிழையைத் திருத்தியவர், இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், மனைவியின் நினைவு நாளில் ஒருவேளைச் சாப்பாடு போட வந்தவர் அவர். பரிமாறினார். இலை எடுத்தார். மறுநாளும் வந்தார். சீடராவதற்கு வேறு சடங்கு எதுவும் நடக்கவில்லை.

வேன் ஓட்டுவார், மருந்து கொடுப்பார், கடிதம் எழுதுவார். ஒரு வேலை மட்டும் அவருக்கு வராது. இல்லத்துக்கு வேண்டிய அரிசி, துணி, மருந்து எல்லாமே யாரிடமாவது போய்க் கேட்டு வாங்க வேண்டியவை. முப்பத்து நாலு வருடம் உத்தரவு போட்டவருக்குக் கேட்கத் தெரியவில்லை. பிறத்தியார் வீட்டு வாசலில் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் தன் அறை வாசலில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. கொஞ்சம் தாமதமாக வந்த ஞானம்.

இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இருபது நாளில் காலி செய்ய வேண்டும். வேறு இடம் கிடைக்காவிட்டால் குழந்தைகள் வெளியூர் விடுதிக்குப் போவார்கள். பெரியவர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

வீடு திரும்புவது என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பிடாதிக்கு நாற்பது வயது. பேச்சு வராது. இல்லத்துக்கு வருமுன் பதினோரு வருடம் அவனை அவன் அண்ணன் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார். இன்றைக்கும் யாராவது கதவைச் சாத்தினால் அலறுவான். அதனால் இல்லத்தில் எந்தக் கதவையும் யாரும் சாத்துவதில்லை. போன வாரம் தலைமையாசிரியர் அந்த அண்ணனுக்குப் போன் செய்தார். அவர் மரியாதையாகவே பேசினார்.

"கூட்டிட்டு வாங்க சார். அந்த ரூமு காலியாத்தான் கெடக்கு."

அன்றிலிருந்து தலைமையாசிரியருக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்தேழு பேருக்கும் ஏற்ற இடம் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தங்கப்பழம் அண்ணாச்சியின் பழைய பருத்திக் குடோன். அகலமான கதவு, சமமான தரை. முக்கியமாக, வாசற்படி கிடையாது. மனிதர் புழங்கும் கட்டடம் எல்லாவற்றுக்கும் நாம் படி கட்டிவிடுகிறோம். லாரிக்கு மட்டும்தான் அந்தத் தொல்லை கொடுப்பதில்லை. ஏழு வருடமாக அதில் எலிகள் வாடகையில்லாமல் குடியிருந்தன.

அண்ணாச்சியின் கோபம் ஊரறிந்தது. அவர் வீட்டுக் கேட்டில் ஒரு பலகை தொங்கியது: 'நன்கொடை கேட்டு யாரும் உள்ளே வரக் கூடாது.'

"இன்னைக்கு அவரைப் பாக்கப் போறோம் சார்," என்றாள் அக்கா. "நீங்கதான் கேக்கணும்."

தலைமையாசிரியர் கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"யார்கிட்டயாவது கேக்கப் போனா எனக்குப் பயம் வருது. உடம்பெல்லாம் ஆடுது. இது எப்பதான் போகும்?"

"மூக்கு அரிக்குது சார்."

அவர் அவள் மூக்கைச் சொறிந்துவிட்டார்.

"அங்க இல்ல. மேல."

சொறிந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம். ஆங். போதும். இன்னைக்கு இது எத்தனாவது?"

"எது?"

"நான் உங்ககிட்ட கேட்டது."

அவர் யோசித்தார். எழுப்பி உட்காரவைக்க, பல் தேய்க்க, இட்லியைப் பிட்டு ஊட்ட, ஈயை விரட்ட, முடியை ஒதுக்க. "எண்ணலியே அக்கா."

"நானும் எண்ணல. வண்டியை எடுங்க."

வேனில் அவர் தன் உரையை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பதினாறு வாக்கியம். இரவல் வாங்கிய அடைமொழிகளுடன் நேற்றே எழுதி மனப்பாடம் செய்திருந்தார். பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"அவர் முடியாதுன்னுட்டா?"

"நீங்க யாருக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா சார்?"

"ஹெட்மாஸ்டர் இல்லையா? தினமும் சொல்லுவேன்."

"எங்கப்பா ஒரு தடவை முடியாதுங்கிற பதிலைக் கேட்டுட்டு வந்தாரு," என்றாள் அக்கா. "எனக்கு அப்ப பதினோரு வயசு. சைக்கிள் கேரியர்ல வச்சு, துண்டால அவரு இடுப்போட சேத்துக் கட்டி, ஆறாங்கிளாஸ்ல சேக்கக் கூட்டிட்டுப் போனாரு. ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னோம். உள்ள கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"அப்பா என்ன சொன்னார்?"

"அவருக்குப் பதில் தெரியல. திரும்பி வந்துட்டோம்."

தலைமையாசிரியரின் உள்ளங்கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. இருபது வருடத்துக்கு முன்னால். இந்த ஊரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான்.

"எந்தப் பள்ளிக்கூடம் அக்கா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க சார்."

ஓர் ஆடு மயிரிழையில் பிழைத்தது. வேன் ஓரமாக நின்றது. அவருக்கு எவ்வளவு தேடியும் அந்தத் தகப்பனின் முகம் நினைவில் அகப்படவில்லை. அகப்படாததுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

"நான்தான்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க இலை எடுத்தீங்களே, அன்னைக்கே."

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் சாவியைத் திருகினார். இரண்டு முறை திருகிய பிறகே வண்டி கிளம்பியது.

அண்ணாச்சி வீட்டுக் கேட் திறந்திருந்தது. தலைமையாசிரியர் பலகையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்கே அக்கா."

"வீட்டுக்கு முன்னால நாலு படி இருக்கு. நான் நெனச்சாலும் உள்ள போக முடியாது. தள்ளுங்க."

நாற்காலி படிக்குக் கீழே போய் நின்றது. மேலே அண்ணாச்சி வந்து நின்றார். தோளில் துண்டு, கண்ணில் சிவப்பு.

"என்ன?"

பதினாறு வாக்கியங்களில் முதல் வாக்கியம் 'வணக்கம்'. அதுவே வெளியே வரவில்லை.

"போர்டைப் பாக்கலியா?"

"பாத்தோம் அண்ணாச்சி," என்றாள் அக்கா.

"பாத்துட்டுமா வந்திய?"

"ஆமா. எழுத்து நல்லா இருக்கு."

அண்ணாச்சி எட்டிக் கேட்டின் பக்கம் பார்த்தார். அந்த எழுத்தை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

"தாகமா இருக்கு அண்ணாச்சி. தண்ணி வேணும்."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். செம்பும் தம்ளரும் வந்தன. தம்ளரை நிரப்பித் தலைமையாசிரியரிடம் நீட்டினார். "இந்தாங்க, பிள்ளைக்குக் குடுங்க."

"சார் வேண்டாம். நீங்க குடுங்க."

"நானா?"

"ஆமா. என் கை பிடிக்காது. நான் மேல ஏற முடியாது, நீங்க கீழ இறங்கலாம்."

நாலு படிதான். அண்ணாச்சி அதை இறங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து நின்று, தம்ளரை எங்கே பிடிப்பது, தலையைத் தாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். தலைமையாசிரியர் அந்தக் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் சாய்ங்க அண்ணாச்சி."

"புரை ஏறிட்டுன்னா?"

"ஏறுனா இறங்கிரும். பயப்படாம சாய்ங்க, நான் ஒடைய மாட்டேன்."

பாதித் தண்ணீர் புடவையில் போயிற்று. மீதியை அவள் குடித்தாள். அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் மோவாயைத் துடைத்துவிட்டார். யாரும் கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டது உறைத்ததும், சட்டென்று ஒரு படி ஏறிக்கொண்டார்.

"சரி. எதுக்கு வந்திய?"

அக்கா தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி... உங்க பருத்திக் குடோன்."

"அதுக்கென்ன?"

"சும்மாதானே கெடக்கு. இவங்க இருபத்தேழு பேரும் இருக்க இடமில்ல."

"முடியாது." அண்ணாச்சி இன்னொரு படி ஏறினார். "நடக்க முடியாததும் கண்ணு தெரியாததுமா அத்தனை பேரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

தலைமையாசிரியரின் காதுகள் அடைத்தன. ஒரு நொடி, படியின் மேலே நிற்பவர் தானே என்றும், கீழே துண்டால் கட்டிய சிறுமியோடு நிற்பவர் வேறு யாரோ என்றும் தோன்றியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இதே கேள்வியை நானும் ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"இந்தப் பிள்ளையோட அப்பாகிட்ட. பள்ளிக்கூடத்துல எடம் கேட்டு வந்தாரு. பதில் தெரிஞ்சுக்கக் கேக்கல அண்ணாச்சி. அவரு சீக்கிரம் போகட்டும்னு கேட்டேன்."

"ஏன்?"

"பயம்."

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அவள் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்ககிட்ட முப்பிடாதின்னு ஒருத்தன் இருக்கான். பதினோரு வருஷம் ஒரு ரூம்ல பூட்டிக் கெடந்தவன். இருபது நாள் கழிச்சு அந்த ரூமுக்கே போகப்போறான். அதுக்குள்ள வச்சு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு இந்த ஊர்ல யாரும் கேக்கல அண்ணாச்சி. நானும் கேக்கல." மூச்சு வாங்கியது. "குடோனைத் தாங்க."

பதினாறு வாக்கியத்தில் அந்த வாக்கியம் இல்லை.

அண்ணாச்சி படியிலேயே உட்கார்ந்தார். ஈரத் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எம் பயலுவ ஒத்துக்க மாட்டானுவ," என்றார்.

தலைமையாசிரியர் நாற்காலியைத் திருப்பவில்லை.

"கூரையில ரெண்டு ஷீட்டு ஓட்டை."

அண்ணாச்சி துண்டை மறுபடி பிரித்தார்.

"என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. போயிப் பாருங்க. பாத்ததுனால குடுத்ததா நெனச்சுக்கிடாதிய."

"சரி அண்ணாச்சி," என்றாள் அக்கா. "நாளைக்கு வருவோம். தாகம் எடுக்கும்."

"போர்டு அங்கனதான் இருக்கும்," என்றார் அண்ணாச்சி. ஆனால் எழுந்து, தம்ளரோடு உள்ளே போனார்.

குடோனுக்குப் பின்னால் வாட்ச்மேனின் அறை. தகரக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. குறட்டை கேட்டது. தலைமையாசிரியர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது.

"அக்கா."

"ம்."

"அவ்வளவு பெரிய மனுஷர்கிட்ட கேட்டுட்டு வந்துட்டேன். உள்ள தூங்குறது வெறும் வாட்ச்மேன். இவர்கிட்ட சாவி கேக்கவும் பயமா இருக்கே. காலையில கேட்டேனே, இது எப்ப போகும்னு. நீங்க பதிலே சொல்லல."

அக்கா அவருடைய கையைப் பார்த்தாள்.

"ஏன் சார் போகணும்? அது இருக்கிற வரைக்கும் நீங்க கதவை மெதுவாத் தட்டுவீங்க."